சின்ன அருவியில் அம்மா

எங்கள் வீட்டில் அருவிக்குப் போவதென்றால் ஒருவர் சாமான்களுக்குக் காவல் இருக்க வேண்டும். மாற்றுத் துணி, செருப்பு, சோற்றுத் தூக்குவாளி எல்லாவற்றையும் பாறையில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போனால், திரும்பி வருவதற்குள் குரங்கு பாதியை மரத்துக்கு ஏற்றியிருக்கும். காவல் இருப்பது அம்மா. யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை. குற்றாலத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஐம்பத்தெட்டு வயது வரை அவள் ஓர் அருவிக்குக் கீழே நின்றதில்லை. சின்ன அருவிக்குப் போன அன்று, நின்றுவிட வேண்டும் என்று முடிவு செய்துதான் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறாள். அது எங்களுக்கு மூன்றேகால் மணி வரை தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். நான் திருநெல்வேலியில் ஒரு பத்திரிகையில் நிருபராக இருந்தேன். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. பம்பாயிலிருந்து லீவில் வந்திருந்த அத்தான், அதாவது அக்காவின் கணவர், கூட்டமில்லாத இடத்தில் குளிக்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் பாபநாசம் போய், அங்கிருந்து காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தோம். ஏற்றம் அதிகமில்லை. இரண்டு இடங்களில் ஓடை குறுக்கிட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீர். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். வெயிலுக்காக என்று நினைத்தோம்.

அருவி இரண்டு ஆள் உயரம். மூன்று பேர் நின்றால் நான்காவது ஆளுக்கு இடமில்லை. சத்தம் மட்டும் அதன் அளவைவிடப் பெரிது. காக்கிச் சட்டையும் லுங்கியுமாக அங்கே இருந்த வனக் காவலர், நான்கு மணிக்குள் இறங்கிவிடச் சொல்லிவிட்டு மேலே போனார்.

அம்மா நிழலில் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்தாள். துணிப்பையின் கைப்பிடியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டாள். தூக்குவாளி மடியில், கையில் ஒரு குச்சி. அத்தான் நல்லெண்ணெயைத் தலையிலிருந்து பாதம் வரை தேய்த்து ஊறினார். நானும் அக்காவும் நேராகத் தண்ணீருக்குள் போனோம். நடுவில் வந்து புளியோதரையும் தேங்காய்த் துவையலும் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போனோம். தண்ணீர் ரொம்பக் குளிர்கிறதா என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றோம். அதோடு விட்டுவிட்டோம்.

மூன்றேகாலுக்கு நான் துவட்டிக்கொள்ள வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தானை விலகியிருந்தது. நெற்றியோரத்திலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் காது வரை வழிந்து நின்றது. எங்கள் பக்கம் பெண்களுக்கு எண்ணெய்க் குளி செவ்வாயும் வெள்ளியும், சனி ஆண்களுக்கு. அம்மா அந்தக் கணக்கை ஒருநாளும் மாற்றியவள் இல்லை.

"எண்ணெய் தேச்சிருக்கியாம்மா?"

"சும்மா வச்சேன். வீட்டுல போயி வெந்நியில ஊத்திக்கிடுவேன்."

"போய் குளி. நான் இங்கன இருக்கேன்."

"நீயா? கொரங்கு ஒன்னையே தூக்கிட்டுப் போனாலும் ஒனக்குத் தெரியாதுலே."

நான் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் அம்மாவின் உச்சந்தலையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டாள். அடியில் அம்மாவின் மாற்றுச் சேலை மடித்து வைத்திருந்தது. அக்கா குச்சியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "எந்திரிம்மா" என்றாள். அத்தான் தானாகவே ஓடையின் கீழ்ப்பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளைக்கு எதிரில் நனைய அம்மா கூசுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தாள். தூக்குவாளியைக் கீழே வைக்காதே, அதன் மூடி சரியில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள்.

முதலில் கையை நீட்டினாள். தண்ணீர் அதைக் கீழே தள்ளியது, சிரித்தாள். பிறகு தோள். பிறகு அக்காவைப் பிடித்தபடி தலையைக் கொடுத்தாள். ஒரு நிமிடம் கழித்து அக்காவை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் பாறையில் ஊன்றிக்கொண்டாள். கொண்டை அவிழ்ந்து முகத்தை மூடியது. யாரையும், எதையும் கவனித்துக்கொள்ளாமல் அம்மா அவ்வளவு நேரம் இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தூக்குவாளி போய்விட்டது. நான் திரும்பியபோது, நாவல் மரத்தில் ஒரு குரங்கு மிச்சப் புளியோதரையைக் குட்டிக்குக் கொடுக்காமல் தின்றுகொண்டிருந்தது. அத்தான் ஓடி வந்து கல்லெறிந்து வாளியை மீட்டார், ஒரு நசுங்கலோடு. இத்தனை அமளியிலும் அம்மா திரும்பவில்லை.

நான்கு மணிக்கு வனக் காவலர் வந்தார். இனி யானைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம், கிளம்புங்கள் என்றார். அத்தான் அம்மாவைக் கூப்பிடப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். இதுதான் முதல் தடவை என்று நான் காவலரிடம் சொன்னேன். அவர் அருவியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பாறையில் உட்கார்ந்தார். அதற்குள் அம்மா முகத்து நீரை வழித்துவிட்டு, கரையில் காக்கிச் சட்டை தெரிவதைப் பார்த்து வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ நின்னுக்கிடட்டுமா?"

"பைய நில்லுங்கக்கா. ஆனைக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

ஐந்து மணி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மா ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு, டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள். உதடு இன்னும் நடுங்கியது. மாப்பிள்ளைக்கு அடுத்த லீவு எப்போது என்று கேட்டாள். ஏப்ரல் கடைசியில் என்றார் அத்தான்.

"சித்திரையில தண்ணி வத்திருமே" என்றாள் அம்மா. டீயை ஒரு வாய் குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, ஒனக்கு வாரா வாரம் லீவு உண்டும்லா?"