டிக்கிக் கதவுக்குள் ஒரு கை

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், கை அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். காலையில் முழுசாக வீட்டை விட்டுக் கிளம்பிய கைகள் மதியத்துக்குள் என்ன கோலத்தில் வந்து சேரும் என்று தினமும் பார்க்கிறவள் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வீட்டில் மிக்ஸி ஜாரைக் கழுவுவதற்குக்கூட முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஜாரைத் தொடுவேன்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரஸ் ஓட்டுகிறார். தோலை விரித்து, ஷூ பாகத்தின் வடிவத்தில் வளைத்த கத்தியை அதன்மேல் வைத்து, மேலிருந்து இரும்புத் தலையை இறக்கினால் துண்டு வெட்டுப்படும். அந்தத் தலை சும்மா இறங்காது. இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒரு கையை எடுத்தாலும் மெஷின் நின்றுவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு இதுதான் வேலை. அதனால் தலைக்கு மேலே இருக்கிற எதுவும் தன்னைக் கேட்காமல் கீழே வராது என்று அவர் உடம்பு நம்பிவிட்டது. மின்விசிறி ஆடினால் நான் கட்டிலை நகர்த்துவேன். அவர் அதற்கு நேர் கீழே படுத்துக் குறட்டை விடுவார்.

எங்களுடையது சின்ன எஸ்யூவி. வேறு யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்றது. ஐப்பசி மழையில் அதன் பின்கண்ணாடி வைப்பர் பாதி வழியில் நின்றுபோனது. டூட்டிக்கு நான்தான் அதை ஓட்டிக்கொண்டு போகிறேன். விரிஞ்சிபுரம் பக்கம் லாரிகள் வாரி அடிக்கிற சேற்றில் கண்ணாடி மறைந்து, பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாது. மோட்டார் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் மெக்கானிக். இவர் மோட்டாரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"மெக்கானிக்கிட்டயே உட்டுடலாங்க" என்றேன்.

"இன்னா பெரிய வேலை? மூணு போல்ட்டு. இதுக்குப் போய் பேஜார் பண்றியே."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் லுங்கிக்கு மாறி, வாசலில் வண்டியின் பின்பக்கம் போய் நின்றுவிட்டார். போனில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வைப்பர் கையைக் கழற்றினார். டிக்கிக் கதவை மேலே தூக்கினார். அந்தக் கதவைத் தாங்குகிற கேஸ் ராடுகள் இரண்டும் பலம் போய் ரொம்ப நாளாகிறது. கதவு மேலே போய் நிற்கும், நினைத்துக்கொண்டால் இறங்கும். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், வீடு துடைக்கிற மாப்புக் குச்சியை முட்டுக் கொடுப்பது. அது போதாதென்று நான் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டேன். "நீ போய் சாம்பாரைப் பாரு" என்றார். சாம்பார் எங்கேயும் ஓடிப்போகாது என்றேன்.

உள்பக்க அட்டையைக் கழற்றியதும் கதவின் தகரம் தெரிந்தது. அதில் மோட்டாரை எடுப்பதற்கென்று ஒரு ஓட்டை. ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தேன். மடக்காமல் விட்ட தகரம், பிளேடு மாதிரி இருந்தது. பழைய மோட்டார் வெளியே வந்துவிட்டது. புதியதை வைத்து இரண்டு போல்ட்டும் முடுக்கிவிட்டார். மூன்றாவது போல்ட் கையிலிருந்து நழுவிக் கதவுக்குள்ளேயே விழுந்து உருண்டது. அவர் குனிந்து கதவுக்கு அடியில் போய், ஓட்டைக்குள் வலது கையை விட்டுத் துழாவினார். மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது.

"கெடச்சிடுச்சி" என்றவர், கையை வெளியே இழுத்தார். வரவில்லை. கட்டைவிரல் அடிப்பக்கம் தகரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக ஒரு இழுப்பு இழுத்தார். கதவு குலுங்கியது. மாப்புக் குச்சி நழுவிப் போய்த் தரையில் விழுந்தது.

கதவு இறங்கியது. நான் இரண்டு கையாலும் தாங்கினேன், பிறகு தோளையும் கொடுத்தேன். அத்தனை கனம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அவர் எனக்குக் கீழே குனிந்தபடி, ஒரு கை கதவுக்குள் மாட்டி, நிமிரவும் முடியாமல் விலகவும் முடியாமல் நின்றார். நான் விட்டால் கதவு அந்தக் கையோடு சேர்ந்து இறங்கும். தகரத்தின் ஓரம் மணிக்கட்டில் உட்காரும். மணிக்கட்டில் அந்த இடத்தில் என்னென்ன ஓடுகிறது, அறுந்தால் எந்த விரல் மடங்காது, எந்த விரல் நீளாது என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் எல்லாம் ஞாபகம் வந்தது. கத்தினேன். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. வீட்டுக்கு வீடு டிவி அலறிக்கொண்டிருந்தது.

"இழுக்காதீங்க! இழுத்தா அறுத்துடும்!"

அவர் இழுத்துக்கொண்டேதான் இருந்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டிருந்தது. தலையைத் திருப்பி, என் தோள்மேல் நிற்கிற கதவையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் கண்ணில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை.

என் குரல் எப்படியோ வார்டுக் குரலாக மாறிவிட்டது. "இங்க பாருங்க. கதவப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. போல்ட்ட கீழ போடுங்க. கட்டைவிரல உள்ளங்கைக்குள்ள மடக்குங்க. வளையல் போட்டுக்கறப்போ கைய தொளதொளன்னு விடுவாங்க இல்ல, அந்த மாதிரி விடுங்க."

"முடியலம்மா."

"முடியும். மூச்ச விடுங்க."

போல்ட் உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. கை மெதுவாக, தோல் உரசிக்கொண்டு வெளியே வந்தது. ரத்தம் கோடு போட்டது போல் கசிந்தது, அவ்வளவுதான். அவர் விரல்கள் ஒவ்வொன்றையும் மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நான் அழுதேன். வாய்க்கு வந்தபடி திட்டவும் திட்டினேன்.

பக்கத்துக் கட்டடத்தில் கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து, விழுந்த போல்ட்டைக் காந்தத்தால் எடுத்து முடுக்கி, எப்படியோ வேலையை முடித்தோம். வைப்பர் நன்றாகவே ஓடியது. வேறு நாளாக இருந்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அன்று கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தவர் டீயைத் தொடவில்லை.

"தோல விரிச்சேன், கத்திய வெச்சேன். ரெண்டு கையும் பட்டன் மேலதான் இருக்கு, கண்ணால பாக்கறேன். ஆனா அழுத்த முடியல" என்றார். "கை ரெண்டும் மெஷினுக்கு உள்ள இருக்கற மாதிரியே இருக்கு."

பக்கத்து மெஷின்காரர்கள் முதலில் கிண்டல் செய்தார்களாம். பிறகு சூப்பர்வைசர் வந்து, துண்டுகளைத் தரம் பிரிக்கிற மேஜையில் அவரை உட்கார வைத்தாராம். நாளைக்கு மெஷினுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்த மனிதருக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடு ஆண்டவரே என்று எத்தனை ஞாயிறு ஜெபித்திருப்பேன்! இப்போது கொடுத்துவிட்டார். எனக்குத்தான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயமில்லாதவர் கைக்கு ஒரு ஆபத்து என்றால், மெஷின் முன்னால் நின்று நடுங்குகிறவர் கைக்கு வேறு ஆபத்து. கை நடுங்கிக் கத்தியைக் கோணலாக வைக்கிறவர்களையும் நான் வார்டில் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டுவிடச் சொல்லலாம். அவருக்கு அந்த மெஷினைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. சாப்பாட்டுப் பையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்ல மாட்டேனா என்று முகத்தையே பார்த்தார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏறுங்க, டைம் ஆச்சி" என்றேன்.

அவர் ஏறிப் போனார். அன்று டூட்டியில் வார்டு போன் அடித்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. ஏதாவது ஒரு கட்டிலுக்குப் போர்வையைச் சரிசெய்துகொண்டு, வேறு யாராவது எடுத்து, யார், எந்த ஊர், எந்தக் கை என்று கேட்டு முடிக்கட்டும் என்று நின்றேன்.