வைன் தோட்டத்தில் கருகின பாண்

போன ஞாயிறு ஒரு வைன் தோட்டத்துக்குப் போய், ஒரு சொட்டும் குடிக்காமல் வென்று வந்திருக்கிறேன். நம்பமாட்டீர்கள். என் மனைவியே இன்னும் நம்பவில்லை!

பாரிஸ் லா ஷப்பலில் மரக்கறிக் கடையில் நிற்கிற எனக்கும் வைனுக்கும் என்ன சம்பந்தம்? மனைவியின் தம்பி சுதன்தான் சம்பந்தம் உண்டாக்கினான்.

"சின்ன இடம் அத்தான். குடும்பமாப் போகலாம். பிள்ளையளுக்கு விளையாட்டும் இருக்காம். காரை நீங்கள் ஓடுங்கோ."

கவனித்தீர்களா? காரோட்டி குடிக்கக் கூடாது!

சுவை பார்க்கிற அறையில் சுதன் கிளாஸை ஆட்டினான், மூக்கை உள்ளே விட்டான், கண்ணை மூடினான்... சாமி வந்தவன் மாதிரி நின்றான். எனக்குப் பிள்ளைகளோடு திராட்சைச் சாறு.

அப்போதுதான் தோட்டக்காரப் பெண்மணி விளையாட்டைச் சொன்னார். வைனில் வருகிற வாசனைகள் சின்னப் போத்தல்களில் இருக்கும். அப்பாவோ அம்மாவோ மணந்து பார்த்து, பெயரைச் சொல்லாமல் பிள்ளைக்கு விளங்கப்படுத்த வேண்டும். முதலில் கத்துகிற பிள்ளைக்குப் புள்ளி. வெல்கிற பிள்ளையின் பெயரை எழுதிய பலகையை ஒரு திராட்சைக் கொடியின் அடியில் நடுவார்கள்.

என் மகள் ஆரணிக்கு எட்டு வயது. ஜன்னலுக்கு வெளியே கொடிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. என் பிரெஞ்சு அப்படி! அவளுடைய தமிழோ... வீட்டில் நான் எதைச் சொன்னாலும் "கொம்ப்ரோ பா". விளங்கவில்லையாம்.

"மாமாவோடு விளையாடவா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மாமா மூன்றாவது கிளாஸில் இருந்தார். "அத்தான், வாயைத் திறந்து மானத்தை வாங்காதேங்கோ" என்று சுதன் வாழ்த்தி அனுப்பினான்.

முதல் போத்தல். மற்ற அப்பாக்கள் பிரெஞ்சில் அழகழகாக வர்ணித்தார்கள். ஒருவர் வர்ணித்ததைக் கேட்டு அடுத்தவரின் பிள்ளை கத்தியது. எனக்கா? ஒரு பிரெஞ்சுச் சொல்லும் வரவில்லை. பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

"பல்லுக்கொதிக்கு அப்பா கடிக்கிறது!"

"குளூ து ஜிரோஃப்ள்!" — கராம்பு!

அடுத்த போத்தலைப் பாய்ந்து எடுத்தேன். இவளுக்கு விளங்குகிறதே!

"பாயாசத்திலை கடிபட்டா உடனை துப்புவாய்!"

"கார்தமோம்!" — ஏலக்காய்!

மற்றவர்களின் வர்ணனையை யாரும் களவெடுக்கலாம். எங்களுடையதை? அந்த அறையில் தமிழ் தெரிந்த மற்ற இருவரில் ஒருவன் வைனுக்குள் இருந்தான், மற்றவர் என் மனைவி. கள்ளனுக்கும் வேலையில்லை!

கடைசிப் போத்தல் வந்தபோது நாங்களும் ஒரு பொன்னிறத் தலைப் பையனும் சமன். ஆரணி என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மணந்தேன்... ஐயோ, இது எங்கள் வீட்டு மணமல்லவா!

"அம்மா சித்தியோடை போனிலை கதைக்கேக்கை காலமைச் சாப்பாட்டுக்கு என்ன நடக்கும்?"

"பன் கிரியே!" — வாட்டின பாண், டோஸ்ட்!

அறையே கைதட்டியது. மனைவி மட்டும் தட்டவில்லை.

ஆரணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பலகையைத் தன் கையாலேயே நட்டாள். சுதன் கிளாஸோடு தள்ளாடி வந்து, "அத்தான், ஒரு சொட்டும் குடிக்காம கொடியையே எடுத்திட்டியள்!" என்றான்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: "அப்பா சொன்னது முழுக்க விளங்கினதோ?"

"ஓம்!"

வீடு வந்தது. "ஆரணி, சப்பாத்தை எடுத்து உள்ளை வை."

"கொம்ப்ரோ பா."

சொல்லலாம் மகளே, ஆனால் இனி அந்தப் பொய் செல்லாது — பிரான்ஸ் மண்ணில் உன் கையாலேயே பலகை நட்டுச் சாட்சி வைத்திருக்கிறாய்!