வில்லன் என்ற சொல்லும் என் பொறாமையும்

கழக ஆட்சி வந்த புதிது. எங்கள் பண்ணையாளின் மகனும் நானும் கும்பகோணம் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தோம். ஒருநாள் ஆங்கில வகுப்பில் அவன் எழுந்து 'வில்லன்' என்ற சொல்லைப் பற்றிப் பேசினான். பிற்கால லத்தீனில் 'வில்லானுஸ்' என்றால் பண்ணையில் உழைப்பவன். அதே சொல் இத்தாலியில் நாகரிகமற்றவன் ஆனது, பிரெஞ்சில் அவலட்சணமானவன், ஆங்கிலத்தில் கொடியவன்.

"நம்ம சினிமாவுலதான் சார், பண்ணையாரே வில்லன் ஆனாரு" என்று முடித்தான். வகுப்பே கைதட்டியது. ஆசிரியர் என்னைப் பார்த்து, "உங்க ஊர்க்காரர்தானே தம்பி, கேட்டுக் கத்துக்குங்க" என்றார். பொறாமையில் நான் தலை நிமிரவில்லை.

அதே நாள், அதே நேரத்தில் எங்கள் களத்தில் கூலித் தகராறு, அடிதடி. அப்பா கொடுத்த புகாரில் அவன் பெயரும் இருந்தது. மறுநாள் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அவனுடைய அப்பா என்னிடம் வந்தார்.

"சின்னய்யா, அன்னிக்கு அவன் உங்களோட காலேஜ்லதானே இருந்தான்? ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த வாரம் பரீட்சை."

"எனக்கு ஞாபகமில்ல" என்றேன்.

அவன் பேசியது ஓர் எழுத்து விடாமல் நினைவிருந்தது. பரீட்சை முடிந்த பிறகே அவனை விட்டார்கள். அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அந்த ஆண்டு வகுப்பில் நான் முதலாவதாக வந்தேன்.