கியர்ப்பெட்டிக்குப் போர்த்திய கம்பளி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் வண்டியை ஓட்டியவர் அழகர். அதற்கு முன்பு கொழுந்தைக் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்பெரித்தவர். நெருப்போடு பழகியவனுக்கு எஞ்சினும் பழகிவிடும் என்று துரையே முடிவு செய்து ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டார். செருப்பு மட்டும் கூடாது. துரைக்கு முன்னால் கூலிக்காரன் செருப்புப் போடுவதா, அடுக்குமா? எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் சுற்றியிருந்த பழைய மெத்தை எண்ணெய் குடித்துக் கருகிப் பிய்ந்துபோக, மிதிபலகை தோசைக்கல்லாய்க் கொதித்தது. வெறுங்காலை அதில் வைத்துக்கொண்டுதான் மனுஷன் பசறைக்குப் போய்வந்தார். அதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் துரையின் மனைவி துரைசானி, இந்தச் சத்தத்தில் தலை வெடிக்கிறது என்று சொன்னாரே, அப்போதுதான் துரைக்குக் காது திறந்தது.

"சத்தம் நிப்பாட்டு அழகர். பத்துச்சீட்டு தர்றேன்" என்றார்.

தோட்டத்திலிருந்து பேர் வெட்டி விடுவிக்கும் அந்தச் சீட்டைத்தான் அழகர் ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அது இல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போனால் ஓடிப்போனவன் என்று பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். மடுல்சீமைக் குளிர் மனைவி கருப்பம்மாவின் நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே அவள் பாதியாகிவிட்டாள். இன்னொரு மழைக்காலம் தாங்கமாட்டாள் என்று மருந்துக்காரரும் சொல்லிவிட்டார். பதுளையில் கடை வைத்திருந்த ராமாமிர்தம், "சீட்டோட வாங்க, லாரிய ஒங்க கையில தர்றேன்" என்று சொல்லியிருந்தார். பதுளையில் இவ்வளவு குளிர் இல்லை.

அழகர் பலகைகளைக் கழற்றினார். கருகிய மெத்தையைச் சுரண்டி எடுத்தார். ஸ்டோர் அடுப்புக்குச் சுற்றும், சூடு தாங்கும் கல்நார்ப் பாயை அளவாக வெட்டிச் சூடு படும் பக்கமெல்லாம் கம்பியால் இறுக்கினார். சத்தத்தை அமுக்க அதன்மேல் கனத்த கம்பளி வேண்டும். கொழும்பிலிருந்து துரை வரவழைத்த கம்பளித் துண்டு எஞ்சின் பக்கத்துக்கே சரியாகிவிட்டது. கியர்ப்பெட்டிதான் பேய்க்கத்தல் கத்துகிறது, அதற்கு என்ன செய்வது?

கருப்பம்மா தோளில் கிடந்த கம்பளியை எடுத்து நீட்டினாள். தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளி. மழையில் கொழுந்து பறிக்க அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"வேணாம் புள்ள."

"அட, இந்தாங்க. பதுளைக்குப் போனா இது எனக்கெதுக்கு?"

அழகர் அதை நாலாக மடித்துக் கியர்ப்பெட்டியைச் சுற்றிக் கட்டி, மேலே பலகையை வைத்து ஆணி அடித்தார்.

மறுநாள் பசறைப் பயணம். பின்சீட்டில் துரை, அவர் காலடியில் குந்தியபடி பெரிய கங்காணி ரெங்கசாமி. வண்டி பூனைபோல் இறங்கியது. காலில் சூடே இல்லை. அழகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பெல்லாம் பின்னால் பேசுவது ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழாது. கங்காணியும் அந்தப் பழக்கத்திலேயே பேசினார்.

"அழகருக்குச் சீட்டு எழுதிறலாங்களா தொரெ?"

"சீட்டு இல்லை. இவ்வளவு நல்ல வேலைக்காரன், விட்றதா?"

"அவன் கேட்டா என்னாங்க சொல்றது?"

"அடுத்த மாசம் சொல்லு. எப்பவும் அடுத்த மாசம் சொல்லு."

பாவி மனுஷா! நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது அழகருக்கு. உலுக்கிவிட்டு எங்கே போவது? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

துரை முன்னால் குனிந்தார். "அழகர்! சத்தம் கேக்குதா?"

"இல்லைங்க தொரெ. ஒன்னுமே கேக்கலைங்க."

கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பியபோது கருப்பம்மா சட்டிபானையை மூட்டை கட்டி வைத்திருந்தாள். "சீட்டு?" என்றாள். அழகர் உட்கார்ந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். அவள் சட்டியை எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தாள்.

விடியற்காலையில் பிடித்த மழை விடவில்லை. வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் கருப்பம்மா ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் புறப்பட்டாள். அழகர் துரைசானியை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் வந்தார். கம்பளியை உருவலாமென்றால் சத்தம் திரும்பிவிடும். அப்புறம் சீட்டு தராததற்குத் துரை அதையே காரணமாகச் சொல்வார்.

"ரொம்ப நல்லா இருக்கு அழகர்" என்றார் துரைசானி.

வண்டி சத்தமில்லாமல் கருப்பம்மாவைத் தாண்டியது. அவள் இருமுவது அழகருக்குத் தெளிவாகக் கேட்டது.