ஒரெஸ்ட்டின் துடிப்பு

ஒரெஸ்ட் ஹனாட்யுக் வாரநாளில் ஊருக்குப் பனி வாரும் வண்டி ஓட்டுவார். சனிக்கிழமை ஊர் ஐஸ் ஹாக்கி அணியில் தடுப்பாட்டம் ஆடுவார். இரண்டிலும் அவசரமே கிடையாது. வயது நாற்பத்து மூன்று. எதிராளி எங்கே வருவான் என்று தெரிந்து முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொள்வார். இளவட்டங்கள் நாக்குத் தள்ள ஓடி வந்து அவர்மேல் மோதி விழும்.

அந்தக் குளிர்காலம் பயிற்சியாளராக லோர்னா வந்து சேர்ந்தார். எல்லோர் மார்பிலும் இதயத் துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டார். ஆடிவிட்டுப் பெஞ்சுக்கு வந்த ஒரு நிமிடத்தில் துடிப்பு இறங்க வேண்டும். இறங்காதவருக்குத் தாக்குப்பிடிக்கும் தெம்பில்லை, இறுதிச்சுற்றில் இடமுமில்லை.

எல்லோருக்கும் இறங்கியது. ஒரெஸ்ட்டுக்கு ஏறியது.

"ஐஸ்ல நூத்தி நாப்பது, உக்காந்தா நூத்தி எம்பது! என்னங்க இது?"

"பட்டை கெட்டுப்போச்சு கோச்."

"பட்டை இல்ல, உங்க வாய். அடுத்த சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு."

உண்மைதான். மனிதர் பெஞ்சுக்கு வருவது ஓய்வெடுக்க அல்ல, நடுவர் டெல்மரைத் திட்ட. இருபது வருடப் பழக்கம். ஆட்டம் முடிந்தால் இருவரும் ஒரே தட்டில் பெரோகிக் கொழுக்கட்டை தின்பார்கள், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை ஒரெஸ்ட் துண்டை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார். துடிப்பு இளவட்டங்களைவிட வேகமாக இறங்கியது. அவர் திட்டு கேட்காமல் அரங்கமோ இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பகுதியில் டெல்மர் ஒன்றுமில்லாததற்கு ஊர் அணி ஆள் ஒருவனை இரண்டு நிமிடம் தண்டனைக் கூண்டுக்கு அனுப்பினார். ஒரெஸ்ட் அப்போதுதான் பெஞ்சுக்கு வந்திருந்தார். ஊரே அவர் பக்கம் திரும்பியது. துண்டு அசையவில்லை.

டெல்மரே சறுக்கிக்கொண்டு வந்தார். "ஒரெஸ்ட், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஒரெஸ்ட் இல்லை என்று தலையாட்டினார்.

"நீ ஒண்ணும் சொல்லலையே... அப்ப நான் சொன்னது சரியா, தப்பா? எனக்கே புரியலப்பா."

இந்த ஆள்மேல் இவ்வளவு பிரியமா என்று ஒரெஸ்ட்டுக்கே ஆச்சரியம். லோர்னாவைக் கெஞ்சலாகப் பார்த்தார். லோர்னா துடிப்பைக் காட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொறுங்க... இறங்குது... பொறுங்க..."

பெஞ்சே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"போதும். நிமிஷம் ஆச்சு. இடம் உங்களுக்குத்தான்."

ஒரெஸ்ட் துண்டைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"டேய் டெல்மர்! மூஞ்சில இருக்கறது கண்ணாடா, புண்ணாடா?"

டெல்மர் 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்டார். விசிலை ஊதி, ஒரெஸ்ட்டையும் இரண்டு நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்காரச் சொன்னார்.