இரண்டு ஆளி

மகள் பிள்ளைப்பெறுவுக்கு உடுவிலில் எங்களோடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்தது. பால் காணவில்லை, பிள்ளை அழுதபடியே இருந்தது. மனைவி என்னைக் கூப்பிட்டு, "இஞ்சாருங்கோ, சுன்னாகத்திலை ஆளி விதை வாங்கியாங்கோ. கஞ்சியிலை போட்டுக் குடுத்தால் பால் ஊறும்" என்றாள்.

எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஐந்தாம் வகுப்பில் வாசிக்க எழுப்பினால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். அதோடு பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. பிறகு வெங்காயத் தோட்டந்தான். வெங்காயம் கேள்வி கேட்காது.

சுன்னாகத்து மருந்துச் சரக்குக் கடையில் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். ஆளி விதை கேட்டேன். கடைக்காரி, "ஆருக்கு அண்ணை?" என்று கேட்டாள். பெண்களுக்கு முன்னால் பால் என்ற சொல்லை எப்படிச் சொல்வது?

"எனக்கு" என்றேன்.

"கொலஸ்ட்ரோலோ?"

"ஓம்."

"அப்ப மஞ்சள் கரு சாப்பிடாதேங்கோ" என்று சொல்லி, ஒரு பைக்கற்றைத் தந்தாள்.

மனைவி விதையைக் கையில் கொட்டிப் பார்த்தாள். "இது பட்டையா, மினுங்குது. எங்கடை அம்மா எனக்குப் போட்டது சின்னன், சிவப்பு."

அந்தக் கடைக்குத் திரும்பிப் போக முகமில்லை. சைக்கிளைக் கொக்குவிலுக்கு மிதித்தேன். அங்கே இருந்த கிழவரும், "ஆருக்கு?" என்றார். நானும், "எனக்கு" என்றேன்.

"அப்ப கொலஸ்ட்ரோலுக்குத்தான். அந்த ஆளி முடிஞ்சுது. இதையும் ஆளி எண்டுதான் சொல்லுறவை" என்று மேசை லாச்சியை இழுத்து, அதன் அடியைத் துடைத்து, ஒரு பிடிக்கும் குறைவாகத் தந்தார். சின்னதாக, சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் மனைவிக்கு இப்போது வேறு சந்தேகம். தான் கஞ்சியைக் குடித்ததே தவிர விதையைச் சரியாகப் பார்க்கவில்லையாம். "தெரியாததைப் பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கேலாது" என்றாள்.

விதை விஷயம் என் தொழில். இரண்டு சிரட்டையில் மண் போட்டு, ஒன்றில் பட்டையானதையும் மற்றதில் சிவப்பையும் தூவித் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் சிவப்பு முளைத்துவிட்டது. முளை இலை ஒவ்வொன்றும் மூன்றாகக் கிழித்ததுபோல் இருந்தது. ஒன்றைக் கிள்ளி மென்றேன். கடுகின் காரம் மூக்குக்குள் ஏறியது. மனைவியும் ஒன்றை மென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம், இதுதான். அந்தக் கஞ்சியிலையும் இந்தக் காரம் இருந்தது" என்றாள்.

மிச்ச விதை இரண்டு நாள் கஞ்சிக்குத்தான் காணும். கிழவரிடம் இனி இல்லை. உள்ளே பிள்ளை அழுதது. சுன்னாகத்துக்கே போனேன்.

"அண்ணை, கொலஸ்ட்ரோல் எப்பிடி?" என்று கடைக்காரி கேட்டாள். இந்த முறை நின்றவர்கள் ஐந்து பேர்.

"அதில்லை. மற்ற ஆளி. சிவப்பு."

"அது பிள்ளை பெத்தவைக்கெல்லோ. ஆருக்கு?"

வழிநெடுகப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். வாய் பழகிய வழிக்கே போய்விட்டது.

"எனக்கு."

பின்னால் நின்ற பெண் பையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரி சிரிக்காமல், "எத்தினையாம் பிள்ளை அண்ணை?" என்றாள்.

"மகளுக்கு. பால் காணாது" என்று சொன்னேன், தேவைக்கு மேல் சத்தமாக. வீதியில் போனவரும் திரும்பிப் பார்த்தார். கடைக்காரி இரண்டு பைக்கற் எடுத்து வைத்தாள்.

கஞ்சியோ, மகளின் உடம்போ, எது வேலை செய்ததென்று தெரியாது. அந்தக் கிழமையே பிள்ளை வயிறு நிறைந்து தூங்கியது.

சிரட்டையில் நின்ற சிவப்பு ஆளியைக் கிணற்றடியில் நட்டேன். முழங்காலளவு வளர்ந்து பூத்தது. நாலு இதழ், வெள்ளை, எள்ளுப் பருமன். காய் முற்றியதும் அடித்து, விதையை ஒரு ஜாம் போத்தலில் நிரப்பி வைத்தேன். இனி இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அந்தக் கடைக்குப் போகத் தேவையில்லை.

போன கிழமை பக்கத்து வளவுக்காரரின் மருமகன் படலையடியில் வந்து, செருப்பைப் பார்த்தபடி நின்றான்.

"ஐயா, ஆளி விதை கொஞ்சம் இருக்கோ?"

போத்தலோடு குடுத்தேன். ஆருக்கு என்று கேட்கவில்லை.