சாத்திய கதவுக்கு வெளியே நான்

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு கதவச் சாத்திக்கிட்டு அந்தப் பொண்ணுகூட அப்படி என்னதான் பேசுறாரு லா?"

இரண்டு வாரத்துக்கு முன் பக்கத்து வீட்டு அஞ்சலை வேலிக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டாள். எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல!

எங்கள் புந்தோங் வட்டாரத்தில் பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் ஒன்று ஆள் இல்லை, அல்லது சண்டை. என் வீட்டில் மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வாசல் கதவும் முன்னறைக் கதவும் சாத்திக்கொள்ளும்.

என் கணவர் ரப்பர் தோட்டத்து நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கம்பெனிகள் தங்கள் மேனேஜர்களை அவரிடம் அனுப்புகின்றன. ஆட்களை எப்படி நடத்துவது, முதலாளியிடம் எப்படிப் பேசுவது... தனியாக உட்காரவைத்துப் பேசிப் பழக்குவார். அங்கே சொன்னது அறையைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு ரெஜினா என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு கையுறைத் தொழிற்சாலையின் புது மேனேஜர். முப்பது வயது. ரெஜினா சிரித்தால் அடுப்படி வரை கேட்கும். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான்! இதில் மறைக்க என்ன இருக்கிறது?

என்னிடம் இந்த மனுஷன் பேசுவது என்ன? "ம்", "சரி", "ரசத்துல உப்பு கம்மி". அங்கே மட்டும் ஒரு மணி நேரம்!

"என்னங்க பேசினீங்க?"

"பேசினோம்."

ரெஜினாவின் முதலாளியே ஒருநாள் போனில் கேட்டார். பணம் கட்டுபவர் அவர்தானே? "வாராங்க, பேசுறோம். மிச்சத்த அவங்ககிட்டயே கேட்டுக்குங்க" என்று இவர் போனை வைத்துவிட்டார். முதலாளிக்கே அந்தப் பதில் என்றால் பெண்டாட்டி எம்மாத்திரம்?

அஞ்சலை கேட்ட அன்றைக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் இல்லை. நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அறைக்கதவு திறந்தது. ரெஜினா அழுதுகொண்டே வெளியே வந்தார். பின்னாலேயே என் கணவர். இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"மொத நாளே சொன்னேன்ல? ஒங்க ரகசியம் எல்லாம் என்கிட்ட பத்திரம். ஆனா உசுருக்கு ஆபத்துன்னா நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்க மாட்டேன். நீங்க சொல்றீங்களா, இல்ல நான் ஒங்க முதலாளிக்கு போன் போடட்டுமா?"

"என் வேலை போயிரும் சார்!"

"உள்ள இருக்கிற பொண்ணுங்க உசுரு போனா?"

ரெஜினா எங்கள் போனை எடுத்துத் தொழிற்சாலை சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "அண்ணே, பின்கதவுப் பூட்ட எடுத்துருங்க. இப்பவே. பூட்டச் சொன்னதும் நான்தான், தொறக்கச் சொல்றதும் நான்தான். சரக்கு களவு போனா நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையுறை களவு போகிறது என்று, நைட் ஷிப்ட்டில் பெண்கள் வேலை செய்யும்போதே பின்கதவைப் பூட்டவைத்திருக்கிறார். களவு நின்றது. முதலாளி மெச்சினார். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை... அதைக் கேட்டவர் என் வீட்டுக்காரர்தான்.

அடுத்த போன் முதலாளிக்கு. அதையும் ரெஜினாவே செய்தார். நன்றாகத் திட்டு விழுந்தது. நல்லவேளை, வேலை போகவில்லை. இதை எழுதலாமா என்று ரெஜினாவிடம் கேட்டேன். "எழுதுங்க அக்கா, பேரு மட்டும் வேணாம்" என்று அவரே சொன்னதால்தான் உங்களிடம் சொல்கிறேன். என் கணவரிடமும் கேட்டேன். "ம்" என்றார்.

ரகசியம் காப்பது பெரிய குணம்தான். ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது எந்தக் கதவையும் வெளியிலிருந்து பூட்டக்கூடாது - இல்லையா?

போன வெள்ளிக்கிழமை ரெஜினா மறுபடி வந்தார். அஞ்சலை பார்க்கப் பார்க்க, வாசல் கதவைச் சாத்தியது நான்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அதே சிரிப்பு...

என் கணவரின் காப்பிக்குச் சீனி போட எனக்கு மறந்தே போய்விட்டது!